ரபிகளின் கதைகளில் வரும் பதிதர்களும் புறத்தாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய யூத ரபிகளின் கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். பைபிள் தெரிந்தவர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், தெரியாதவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். இரண்டையும் கலந்தே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ரபிகள் யார்? இந்தக் கதைகள் எந்த நூல்களில் இருக்கின்றன?

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கியது. பலியிட இடமில்லை, ஆசாரியர்களுக்கு வேலையில்லை. அந்த வெற்றிடத்தில் மோசேயின் சட்டமான தோராவைக் கற்று விளக்கும் ஆசிரியர்கள் மெல்லத் தலையெடுத்தார்கள். அவர்கள்தான் ரபிகள். முதலில் யாவ்னே என்ற ஊரில் கூடினார்கள். 132 முதல் 135 வரை நடந்த பார் கொக்பா கலகம் தோற்ற பிறகு கலிலேயாவுக்கு நகர்ந்தார்கள். அப்புறம் பாபிலோனிலும் பாடசாலைகள் வளர்ந்தன.

சுமார் 200இல் யூதா ஹநாசி என்ற தலைவர் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பை உருவாக்கினார். அதன் கூடவே வைத்துப் படிக்கிற இன்னொரு தொகுப்பு தொசெஃப்தா. மிஷ்னாவின் மேல் எழுந்த பெரிய விளக்கங்கள் இரண்டு: சுமார் 400இல் முடிந்த எருசலேம் தல்மூத், அதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு கழித்து முடிந்த பாபிலோன் தல்மூத். பைபிள் வசனங்களை எடுத்துப் பேசும் மித்ராஷ் நூல்கள் தனி.

பெரும்பாலும் சட்டப் பேச்சுதான். முட்டிய மாட்டுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது என்பது போன்ற விஷயங்களை அலசிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் திடீரென்று ஒரு கதை வரும். நாம் பேசப்போகிறவை அப்படி வந்து விழுந்தவை.

பதிதர் என்று யாரைச் சொல்கிறார்கள்? கிறிஸ்தவர்களையா?

கிறிஸ்தவர்களை மட்டும் இல்லை. கதைகளில் வரும் சொல் 'மின்', பன்மையில் 'மினிம்'. யூத சமூகத்துக்குள் இருந்துகொண்டு வேறு மாதிரி நம்புகிறவர்களுக்கான பொதுப் பெயர் அது. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் 'பதிதர்' என்று வருமே, ஏறக்குறைய அதுதான். ஒரு கதையில் அவர் இயேசுவைப் பின்பற்றும் யூதராக இருப்பார். இன்னொன்றில் வானத்தில் இரண்டு அதிகாரங்கள் உண்டு என்று சொல்பவராக இருப்பார். வேறொன்றில் செத்தவர் எழுவதைக் கேலி செய்பவர். பல கதைகளில் அவர் யாரென்றே தெரியாது. ஒரு வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார், அவ்வளவுதான்.

'அபிகோரோஸ்' என்று இன்னொரு வசவும் உண்டு. கிரேக்கத் தத்துவ ஞானி எபிகூரஸின் பெயரிலிருந்து வந்தது. மறு உலகில் பங்கில்லாதவர்கள் பட்டியலை மிஷ்னா கொடுக்கும்போது மூன்று பேரைச் சொல்கிறது: உயிர்த்தெழுதலை மறுப்பவர், தோரா வானத்திலிருந்து வரவில்லை என்பவர், அபிகோரோஸ்.

இவர்கள் எல்லாரும் உள்ளே இருந்து விலகியவர்கள். யூதருக்கு அண்டையில் தனி மரபாக வாழ்ந்த சமாரியரும் யூதரல்லாதாரும் வேறு கணக்கு. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவர்களில் பெரிய பெயர் யார்?

சந்தேகமே இல்லாமல் எலிஷா பென் அபூயா. 2ஆம் நூற்றாண்டு ரபி. பெரிய அறிஞர், ரபி மெயிரின் குரு. விலகிப் போன பிறகு தல்மூத் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. 'அகேர்' என்கிறது, அதாவது 'வேறொருவன்'.

நான்கு பேர் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தார்கள் என்று கதை தொடங்கும். அது இறைவனின் ரகசியங்கள் இருக்கும் தோட்டம் என்று கொள்வது வழக்கம். பென் அசாய் பார்த்தார், செத்தார். பென் சோமா பார்த்தார், புத்தி பேதலித்தது. அகேர் செடிகளை வெட்டினார். ரபி அகிபா மட்டும் நல்லபடியாகத் திரும்பினார்.

செடிகளை வெட்டினார் என்றால் என்ன? பாபிலோன் தல்மூத் விளக்குகிறது. மேலே போன எலிஷா, மெத்தாத்ரோன் என்ற தூதன் உட்கார்ந்து இஸ்ரவேலின் புண்ணியக் கணக்கை எழுதுவதைப் பார்த்தார். மேலே உட்காருவது கிடையாது என்பது அவர் படித்த பாடம். இவன் உட்கார்ந்திருக்கிறானே, ஒருவேளை அதிகாரங்கள் இரண்டோ என்று நினைத்துவிட்டார். உடனே மெத்தாத்ரோனை வெளியே இழுத்து 60 நெருப்புச் சாட்டையடி கொடுத்தார்கள்: எலிஷாவைக் கண்டதும் நீ ஏன் எழுந்து நிற்கவில்லை? பிறகு ஒரு குரல் கேட்டது: "சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள், அகேரைத் தவிர." எரேமியாவின் வசனத்தில் கடைசி இரண்டு சொல் புதிதாக ஒட்டியது.

சரி, மறு உலகம்தான் போய்விட்டது, இந்த உலகத்தையாவது அனுபவிப்போம் என்று எலிஷா புறப்பட்டார். ஒரு வேசியிடம் போனார். அவள், நீர் எலிஷா பென் அபூயா இல்லையா என்று கேட்டாள். அன்று ஓய்வுநாள். அவர் பாத்தியிலிருந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தார். ஓய்வுநாளில் பிடுங்குவது பாவம். "அப்படியானால் இவர் வேறொருவர்" என்றாள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. பட்டம் சூட்டியது ரபிகளின் சபை இல்லை, ஒரு தெருப்பெண். இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

அவர் விலகியதற்கு அந்தத் தூதன்தான் காரணமா?

ஒரு காரணம். ரபிகளுக்கே இதில் ஒரே பதில் இல்லை. அதனால் பல பதில்களை வைத்திருக்கிறார்கள்.

பறவைக் கூட்டில் குஞ்சுகளை எடுக்கிறவன் தாயைப் பறக்க விட வேண்டும், அப்போது நீடித்து வாழ்வாய் என்கிறது உபாகமம் 22. பெற்றோரைக் கனம்பண்ணுகிறவனுக்கும் அதே நீண்ட ஆயுள். ஒரு பையனிடம் அப்பா, கோபுரத்தில் ஏறிக் குஞ்சுகளை எடுத்து வா என்கிறார். பையன் ஏறுகிறான், தாயைப் பறக்க விடுகிறான், குஞ்சுகளை எடுக்கிறான், இறங்கும்போது விழுந்து சாகிறான். இரண்டு கட்டளைக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிந்தவன். எலிஷா இதைப் பார்த்தார் என்கிறார்கள். எருசலேம் தல்மூத்தில் இதுவே கெனேசரேத்துப் பள்ளத்தாக்கில் நடக்கிறது. பேரீச்சமரம் ஏறித் தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுத்தவன் சுகமாக இறங்குகிறான். மறுநாள் முறைப்படி தாயை விட்டவனைப் பாம்பு கடிக்கிறது.

இன்னொரு பதில் இதைவிடக் கொடூரம். ரோமர் கொன்ற ஒரு பெரியவரின் நாக்கை ஒரு பன்றி இழுத்துக்கொண்டு போனது. முத்துக்களை உதிர்த்த வாய் மண்ணை நக்குகிறதே என்று எலிஷா துடித்தார். எருசலேம் தல்மூத்தில் நாக்கு வேறு ஒருவருடையது, இழுப்பது நாய்.

மூன்றாவது, குடும்பக் கதை. எலிஷாவின் விருத்தசேதன விருந்துக்கு அப்பா எருசலேமின் பெரிய மனிதர்களை அழைத்திருந்தார். ஒரு மூலையில் இரண்டு ரபிகள் வசனங்களைக் கோத்துப் பேசப் பேச வானத்திலிருந்து நெருப்பு இறங்கி அவர்களைச் சூழ்ந்தது. வீட்டைக் கொளுத்த வந்தீர்களா என்று பதறிய அப்பா, தோராவுக்கு இவ்வளவு சக்தியா, என் பையனை இதற்கே விட்டுவிடுகிறேன் என்றார். அவர் ஆசைப்பட்டது சக்திக்கு. அதனால்தான் பையனிடம் அது நிலைக்கவில்லையாம்.

குஞ்சுகள் கேள்விக்குப் பதிலும் தல்மூத்தில் உண்டு: நீண்ட ஆயுள் என்றது இந்த உலகத்து ஆயுளை இல்லை, மறு உலகத்து ஆயுளை. இதைச் சொன்னவர் ரபி யாக்கோபு. அவர் எலிஷாவின் மகள் வயிற்றுப் பேரன். பேரனைப் போல அந்த வசனத்தைப் படித்திருந்தால் தாத்தா தவறியிருக்க மாட்டார் என்று தல்மூத்தே சொல்கிறது.

அவ்வளவு ஆன பிறகும் ரபி மெயிர் ஏன் அவரிடம் படித்தார்?

கதைகளிலேயே இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ரபி மெயிர் திபேரியாவில் ஓய்வுநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். உங்கள் குரு வெளியே குதிரையில் போகிறார் என்கிறார்கள். ஓய்வுநாளில் குதிரை ஏறக்கூடாது. மெயிர் பாடத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகிறார். குரு குதிரை மேல், சீடர் பின்னால் நடை, வாயில் தோரா. கொஞ்ச தூரம் போனதும் எலிஷா சொல்கிறார்: "மெயிர், திரும்பிப் போ. குதிரையின் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தேன், ஓய்வுநாள் எல்லை இதுவரைதான்." ஓய்வுநாளில் ஊரைத் தாண்டி 2000 முழத்துக்கு மேல் நடக்கக்கூடாது என்பது சட்டம். அதை மீறிக்கொண்டிருப்பவர், சீடன் மீறிவிடக்கூடாது என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்!

"நீங்களும் திரும்புங்கள்" என்கிறார் மெயிர். எலிஷா மறுக்கிறார்; அந்தக் குரலைத் தன் காதால் கேட்டாயிற்று. மெயிர் விடாமல் அவரை ஒவ்வொரு பாடசாலையாக இழுத்துப் போய்ச் சிறுவர்களிடம் அன்று படித்த வசனத்தைச் சொல்லச் சொல்கிறார். எல்லா வசனமும் பாதகமாகவே விழுகிறது. பதின்மூன்றாவது இடத்தில் ஒரு திக்குவாய்ப் பையன். 'துன்மார்க்கனுக்கு தேவன் சொன்னார்' என்ற சங்கீத வசனம் அவன் வாயில் 'எலிஷாவுக்கு தேவன் சொன்னார்' என்று வருகிறது. என் கையில் கத்தி இருந்தால் இவனை வெட்டியிருப்பேன் என்றாராம் எலிஷா. கத்தி இருந்தது, வெட்டியே விட்டார் என்று இன்னொரு பாடமும் உண்டு.

பதிதரிடம் படித்த மெயிருக்குத் தல்மூத் தரும் சமாதானம்: "மெயிர் ஒரு மாதுளம்பழம் கண்டார், உள்ளிருப்பதைத் தின்றார், தோலை எறிந்தார்." ஆனால் வானத்தில் இது அவ்வளவு எளிதாக ஏற்கப்படவில்லை. இறைவன் எல்லா ரபிகளின் போதனைகளையும் அவரவர் பெயரால் சொல்கிறார், மெயிரின் போதனையை மட்டும் சொல்வதில்லை என்று எலியா தீர்க்கதரிசி ஒருவரிடம் தெரிவிக்கிறார். ஏன்? அகேரிடம் படித்ததால். அந்த ஒருவர் மாதுளம்பழ வாதத்தை எடுத்து வைக்கிறார். இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார், 'என் மகன் மெயிர் சொல்கிறான்' என்று, என்கிறார் எலியா. கடவுளிடமே வக்காலத்து வாங்கி ஒரு தீர்ப்பைத் திருத்திவிடுகிறார்கள்.

எலிஷா நரகத்துக்குப் போனாரா?

முதலில் எங்கேயும் போகவில்லை. தோரா படித்தவர் என்பதால் தண்டிக்க முடியாது, பாவம் செய்தவர் என்பதால் மறு உலகத்துக்குள் விட முடியாது. நடுவில் தொங்கினார். தண்டனை பெற்றாவது உள்ளே போகட்டும், நான் செத்ததும் அவர் கல்லறையிலிருந்து புகை எழும்பச் செய்வேன் என்றார் மெயிர். அவர் செத்தார், புகை எழும்பியது. அடுத்த தலைமுறைகளில் ரபி யோகனான், "குருவை எரிப்பது ஒரு வீரமா? நம்மில் ஒருவர் தவறினார், அவரைக் காப்பாற்ற நமக்கு வக்கில்லையா?" என்றார். அவர் செத்த அன்று புகை நின்றது. அவருக்கு ஒப்பாரி வைத்தவர், "ஐயனே, வாசல் காவலன்கூட உமக்கு முன் நிற்கவில்லையே" என்றார். நரகத்தின் வாசல் காவலன்.

எலிஷாவின் மகள் யூதா ஹநாசியிடம் சோறு கேட்டு வருகிற கதையும் உண்டு. யார் மகள் என்று தெரிந்ததும், அவன் வித்து இன்னும் உலகில் இருக்கிறதா என்கிறார் தலைவர். "அவருடைய தோராவை நினையும், அவருடைய செயல்களை நினையாதேயும்" என்கிறாள். நெருப்பு இறங்கி அவர் உட்கார்ந்திருந்த பலகையைப் பொசுக்குகிறது. அவர் அழுகிறார்.

மிஷ்னாவும் அதையே செய்கிறது. 'முன்னோர் மொழிகள்' பகுதியில், சிறுவயதில் கற்பது புதுத்தாளில் எழுதிய மை என்ற வாக்கு எலிஷா பென் அபூயாவின் முழுப்பெயரோடு நிற்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை.

இயேசு வருகிறாரா?

வருகிறார், குறைவாக. வரலாற்று இயேசுவைப் பற்றித் தகவல் தேடினால் இங்கே ஏமாற்றம்தான். அவருடைய ஆட்களோடு பழகலாமா என்பதே இங்கே பிரச்சினை.

ரபி எலியேசரை ரோம அதிகாரிகள் பதிதக் குற்றத்துக்காகப் பிடித்தார்கள். உம்மைப் போன்ற முதியவர் இந்த வீண் வேலையில் இருக்கலாமா என்று ஆளுநர் கேட்டான். "நியாயாதிபதியை நம்புகிறேன்" என்றார் அவர். நினைத்தது பரலோகப் பிதாவை. ஆளுநர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்தவர் மனம் ஆறவில்லை. பதிதர் சொன்ன ஏதாவது ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போனதோ என்று கேட்டார் அகிபா. ஆமாம், நினைவு வருகிறது: செப்போரிஸ் மேல் தெருவில் சிக்னின் ஊர் யாக்கோபு, இயேசுவின் பெயரால் ஒன்று சொன்னான், அது பிடித்திருந்தது. குற்றம் அவ்வளவுதான். கேட்டதும் ரசித்ததும்.

இன்னொரு யாக்கோபு, பாம்பு கடித்த பென் தாமாவை இயேசுவின் பெயரால் குணமாக்க வருகிறான். மாமா ரபி இஸ்மவேல் விடமாட்டேன் என்கிறார். அனுமதி உண்டென்று தோராவிலிருந்து காட்டுகிறேன் என்று மருமகன் தொடங்குகிறான், முடிக்கும் முன் உயிர் போகிறது. வேலியை (ரபிகளின் தடையை) உடைக்காமல் போனாயே, நீ பாக்கியவான் என்கிறார் மாமா. எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. பென் தாமாவின் வாதம் என்னவாக இருந்திருக்கும் என்று தல்மூத்தே அடுத்த வரியில் யோசிக்கிறது.

மூன்றாவது கதை கையெழுத்துப் பிரதிகளில் உண்டு, அச்சில் பல காலம் காணாமல் போனது. இடது கை தள்ளினால் வலது கை அணைக்க வேண்டும். யோசுவா பென் பெராகியா இயேசுவை இரண்டு கையாலும் தள்ளியது போலச் செய்யாதே என்று அது தொடங்குகிறது. சீடனாகிய இயேசு மன்னிப்புக் கேட்டுத் தினமும் வருகிறார். ஒருநாள் குரு ஜெபத்தில் இருக்கிறார், பேச முடியாது, இரு என்று கையைக் காட்டுகிறார். போ என்கிறார் என்று நினைத்துச் சீடர் போய்விடுகிறார். அந்த யோசுவா இயேசுவுக்குச் சுமார் 100 ஆண்டு முந்தியவர், ஆக இது நடந்திருக்க வழியில்லை. முடிவில் இயேசுவைக் கடுமையாகப் பழிக்கவும் செய்கிறது. ஆனாலும் முதல் தவறைக் குருவின் மேல் வைக்கிறது.

விவாதம் என்றால் எப்போதும் ரபிதானே ஜெயிப்பார்?

பெரும்பாலும். கதை அவர்களுடையது. கூனரான கெபிகா பென் பெசீசாவிடம் ஒருவன், உயிரோடு இருப்பவனே சாகிறான், செத்தவன் எழுவானா என்கிறான். இல்லாதவனே பிறக்கிறான், இருந்தவன் எழமாட்டானா என்கிறார். ஓர் உதை விட்டால் உன் கூன் நிமிர்ந்துவிடும் என்று அவன் சீற, "செய்தால் நல்ல வைத்தியன் என்று பெயர் கிடைக்கும், நிறையக் கூலியும் வாங்கலாம்" என்கிறார்.

தோற்றதும் உண்டு. சுமார் 300இல் செசரியாவில் ரபி அபாகு, பாபிலோனிலிருந்து வந்த ரவ் சஃப்ராவைப் பெரிய மனிதர் என்று பதிதர்களிடம் புகழ்ந்தார். அவர்களும் 13 ஆண்டு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். (பதிதர்களிடம் சிபாரிசு செல்லும் அளவுக்குப் பழக்கம் என்பதைக் கவனியுங்கள்.) ஒருநாள் அவரிடம் ஆமோஸ் 3:2ஐக் கேட்டார்கள். உங்களை மட்டும் அறிந்தேன், ஆகையால் தண்டிப்பேன் என்கிறாரே கடவுள், கோபத்தை நண்பன் மேலா காட்டுவார்கள்? ரவ் சஃப்ராவுக்குப் பதில் தெரியவில்லை. கழுத்தில் துணியைப் போட்டு முறுக்கினார்கள். ஓடிவந்த அபாகு விடுவித்தார்: ஒருவனிடம் இரண்டு பேர் கடன் வாங்கினார்கள், நண்பனிடம் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிப்பான், பகைவனிடம் ஒரேயடியாக. அப்படியானால் இவருக்கு ஏன் தெரியவில்லை? "உங்கள் நடுவில் வாழ்வதால் நாங்கள் வேதத்தைப் படிக்கிறோம். அவர்களுக்கு அந்த அவசியம் இல்லை." பதிதர்களால்தான் பைபிளைப் படிக்கிறோம் என்று ஒரு ரபியே ஒத்துக்கொள்கிற இடம்.

இன்னும் நேர்மையான இடம் ரபி சிம்லாய் கதை. உலகைப் படைத்தது எத்தனை தேவர்கள் என்று கேட்டு வருகிறார்கள். 'நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக' என்று பன்மையில் வருகிறதே? அடுத்த வசனத்தைப் பார், 'சிருஷ்டித்தார்' என்று ஒருமையில் இருக்கிறது என்கிறார் சிம்லாய். அவர்கள் போனதும் சீடர்கள் சொல்கிறார்கள்: "அவர்களை ஒரு நாணற்குச்சியால் தள்ளிவிட்டீர். எங்களுக்கு என்ன பதில்?" அப்போதுதான் உண்மையான விளக்கத்துக்கு வருகிறார்: இனி ஆண் இன்றிப் பெண்ணும் பெண் இன்றி ஆணும் பிள்ளை பெறுவதில்லை, இருவரும் இறைப்பிரசன்னம் இன்றிப் பெறுவதில்லை. பதிதரின் கேள்வி வகுப்புக்குள்ளும் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மந்திர தந்திரமெல்லாம் உண்டாமே?

உண்டு. மூன்று ரபிகள் திபேரியாவில் குளிக்கப் போகிறார்கள். ஒரு பதிதர் மந்திரம் சொல்லி அவர்களைக் குளியலறை வளைவில் ஒட்டவைக்கிறார். ரபி யோசுவா பதிலுக்கு அவரை வாசலில் ஒட்டவைக்கிறார். உள்ளே வருகிறவர் எல்லாம் ஒரு குத்து, வெளியே போகிறவர் எல்லாம் ஓர் இடி. கடைசியில் பதிதர் கடலைப் பிளந்து காட்டி, உங்கள் மோசேயும் இதைத்தானே செய்தார் என்கிறார். மோசே நடுவில் நடந்தும் போனார், நீயும் நட என்கிறார்கள். நடக்கிறார். கடல் மூடிக்கொள்கிறது.

பதிதரைச் சபிக்கலாமா?

தினசரி ஜெபத்திலேயே அவர்களுக்கு எதிரான ஒரு பகுதி உண்டு. யாவ்னேயில் தலைவர் ரபான் கமாலியேல் கேட்க, சின்ன சாமுவேல் என்பவர் அமைத்தார் என்கிறது தல்மூத். கெய்ரோ ஜெப ஆலயமொன்றின் பழஞ்சுவடி அறையான கெனீசாவில் கிடைத்த பிரதிகளில் நசரேயர்களும் (இயேசுவைப் பின்பற்றுவோர்) சேர்த்துச் சபிக்கப்படுகிறார்கள். மறுக்க வழியில்லை. ஆனால் அந்தப் பாரா எழுதியதைச் சொன்ன கையோடு தல்மூத் இன்னொன்றையும் சொல்கிறது: அடுத்த ஆண்டு ஜெபம் நடத்த நின்ற சின்ன சாமுவேலுக்கே அது மறந்துபோனது. இரண்டு மூன்று மணி நேரம் யோசித்துக்கொண்டே நின்றார். அவரை இறக்கவும் இல்லை.

ரபி யோசுவா பென் லேவிக்கு அண்டை வீட்டில் ஒரு பதிதர். வசனங்களைக் காட்டி ஓயாமல் தொல்லை. இறைவன் கோபப்படும் கணம் தினமும் ஒன்று உண்டு, அப்போது சேவலின் கொண்டை வெளுக்கும் என்பது நம்பிக்கை. சேவலைக் கட்டில் காலருகே வைத்துக் கண்கொட்டாமல் பார்த்தார், அந்தக் கணம் வந்ததும் சபிக்கலாம் என்று. வந்தபோது தூங்கிவிட்டார். விழித்ததும், இது சரியில்லை போலிருக்கிறது, 'அவர் இரக்கம் அவருடைய எல்லாக் கிரியைகளின்மேலுமுள்ளது' என்று எழுதியிருக்கிறதே என்றார்.

ரபி மெயிரும் தொல்லை கொடுத்த ரவுடிகள் சாகட்டும் என்று ஜெபித்தார். மனைவி பெரூரியா குறுக்கே வந்தார்: சங்கீதத்தில் பாவங்கள் ஒழியட்டும் என்றுதான் இருக்கிறது, பாவிகள் என்று இல்லை. அவர்கள் திருந்த ஜெபியுங்கள். ஜெபித்தார், திருந்தினார்கள். அதற்காகப் பெரூரியா சாதுவென்று நினைக்க வேண்டாம். 'மலடியே, மகிழ்ந்து பாடு' என்ற ஏசாயா வசனத்துக்கு அர்த்தம் உண்டா என்று கேலி செய்த பதிதரிடம், உன்னைப் போல நரகத்துக்குப் பிள்ளை பெறாததால் பாடச் சொல்கிறது என்றார்.

இம்மா சாலோமும் கழுதையும் கதை என்ன?

இம்மா சாலோம் ரபி எலியேசரின் மனைவி, ரபான் கமாலியேலின் சகோதரி. பக்கத்தில் ஒரு 'தத்துவவாதி'. லஞ்சம் வாங்காதவர் என்று பெயர். இம்மா சாலோம் அவருக்கு ஒரு தங்க விளக்கைக் கொடுத்து, அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டும் என்றார். பங்கு உண்டு என்றார் அவர். மகன் இருந்தால் மகளுக்கு இல்லையே என்று கமாலியேல் வாதிட, நீங்கள் நாடிழந்ததும் மோசேயின் சட்டம் போயிற்று, வேறு புத்தகம் வந்தது, அதில் சமபங்கு என்றார். மறுநாள் கமாலியேல் ஒரு லிபியக் கழுதையை அனுப்பினார். தத்துவவாதி புத்தகத்தின் கடைசிவரை போய்ப் பார்த்து, மோசேயின் சட்டத்தைக் குறைக்கவோ கூட்டவோ நான் வரவில்லை என்று இருக்கிறதே, மகளுக்குப் பங்கில்லை என்றார். உம்முடைய வெளிச்சம் விளக்கைப் போலப் பிரகாசிக்கட்டும் என்று அந்த அம்மா ஜாடை பேச, "கழுதை வந்து விளக்கை உதைத்துவிட்டது" என்றார் கமாலியேல். இயேசுவின் சொற்கள் வரும் மத்தேயு 5ஆம் அதிகாரம் படித்தவர்களுக்கு இந்தக் கிண்டல் எங்கே குறிவைக்கிறது என்று புரியும்.

யூதரல்லாதார், சமாரியர் எல்லாரும் கெட்டவர்களாகவே வருகிறார்களா?

இல்லை. பெற்றோரைக் கனம்பண்ணுவது எதுவரை என்ற கேள்விக்கு ரபிகள் காட்டும் உதாரணமே ஒரு புறமதத்தவர், அஸ்கலோன் ஊர் தாமா பென் நெத்தினா. 6 லட்சம் லாபம் வரும் வியாபாரம் (8 லட்சம் என்பாரும் உண்டு), பெட்டிச் சாவி தூங்கும் அப்பாவின் தலையணைக்கடியில். எழுப்ப மறுத்துவிட்டார்.

சமாரியர் விஷயத்தில் இழுபறி. அவர்கள் கைக்கொள்ளும் கட்டளையை நம்மைவிடக் கறாராகக் கைக்கொள்கிறார்கள் என்று ஒரு ரபி. கெரிசீம் மலையில் புறா உருவத்தை வணங்குகிறார்கள் என்று இன்னொரு தரப்பு. மதம் மாற வந்தவர்களைச் சம்மாய் என்ற ஆசிரியர் அளவுகோலால் விரட்டியதும் ஹில்லேல் என்ற ஆசிரியர் ஏற்றுக்கொண்டதும் பலருக்குத் தெரிந்த கதை, நீட்டவில்லை.

பெரும்பான்மைக்கு எதிராகப் பேசினாலே பதிதரா?

இல்லை, ஆனால் தண்டனை உண்டு. ஓர் அடுப்பின் தீட்டு விவகாரத்தில் ரபி எலியேசர் தனியாக நின்றார். தன் பக்கம் சரி என்று மரத்தை நகர்த்திக் காட்டினார், ஓடையைத் திருப்பினார், வானக்குரலும் அவருக்கே சாட்சி சொன்னது. தோரா வானத்தில் இல்லை, பெரும்பான்மைதான் முடிவு என்றார்கள். அவரை விலக்கியும் வைத்தார்கள். செய்தி சொல்ல அகிபா கறுப்பு உடுத்திப் போய் நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார். பதிதம் என்ற சொல் இதில் எங்கும் வராது.

சில பதிப்புகளில் 'மின்' என்பதற்குப் பதில் 'சதுசேயர்' என்று இருக்கிறதே?

தணிக்கை. 1242இல் பாரிசிலும் 1553இல் ரோமிலும் தல்மூதை எரித்தார்கள். 1578 முதல் 1580 வரை வந்த பாசெல் பதிப்பு கடுமையாக வெட்டப்பட்டது. கிறிஸ்தவர்களைக் குறிக்கலாம் என்ற சந்தேகத்தில் 'மின்' இருந்த பல இடங்களில் 'சதுசேயர்' என்று மாறியது. சதுசேயர் 70க்குப் பிறகு மறைந்துபோன கட்சி, வழக்குப் போட ஆளில்லை. 1342இல் எழுதிய மியூனிக் கையெழுத்துப் பிரதி போன்றவற்றை வைத்துத்தான் பழைய பாடத்தைச் சரிபார்க்கிறார்கள்.

இதெல்லாம் நடந்ததா?

எலிஷா, மெயிர், எலியேசர் என்ற மனிதர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். கதைகள் பெரும்பாலும் அவர்களுக்கு நூற்றாண்டுகள் கழித்து எழுந்தவை. எலிஷா பற்றிய பழைய பதிவான தொசெஃப்தாவில் 'செடிகளை வெட்டினார்' என்பதும் அதற்கு ஒரு வசனமும்தான். வேசி, முள்ளங்கி, குதிரை, புகை எல்லாம் தல்மூதுகளில் வளர்ந்தவை. அவரைப் பற்றி இவ்வளவு கற்பனை செய்யும் அளவுக்குப் பின்வந்தவர்களுக்கு அவர் உறுத்தியிருக்கிறார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பாபிலோன் தல்மூதில் ஹகிகா 14, 15ஆம் ஏடுகள். எலிஷா கதையின் பெரும்பகுதி அங்கே தொடர்ச்சியாக வரும். அப்புறம் பெராகோத் 7, 10, அவோதா சாரா 4, 16, 17, சப்பாத் 116. ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால் செஃபாரியா இணையதளத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. நடுவில் சட்டப் பேச்சு வரும். தாண்டிவிட வேண்டாம், சில கதைகள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது அதைப் படித்தால்தான் விளங்கும்.